தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்

வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வாங்கோ என்பீர்கள், கதிரையை இழுத்துப் போடுவீர்கள், கேத்திலை அடுப்பில் ஏற்றுவீர்கள். வந்தவர் ஆர், என்னத்துக்கு வந்தவர் என்பதெல்லாம் தண்ணி கொதித்த பிறகு பார்க்கிற விசயம். கேமலதாவும் அதைத்தான் செய்தாள். அது பிழையாய்ப் போனபடியால்தான் இப்போது கடல் கடந்த இந்தக் குளிர் தேசத்தில், அகதி வழக்கு விசாரிக்கிற கட்டடத்தின் காத்திருக்கும் அறையில், மழை தூறுகிற ஒரு காலைப்பொழுதில், இந்தா கூப்பிடுகிறார்கள் இந்தா கூப்பிடுகிறார்கள் என்று குந்தியிருக்கிறாள். பக்கத்தில் புருசன் தயாபரன், இரவல் கோட்டுக்குள் பாதி ஆளாகச் சுருங்கிப்போய். காலடியில் மகள் மிதுசா, தரைவிரிப்பின் கோடுகளை ரோட்டாக்கி ஒரு சின்னக் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருக்கிற நீதிபதி இன்றைக்கு நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திரும்பிப் போக வேண்டும், நாவலடிக்குடாவுக்கு, அந்த வீட்டுக்கு, அந்தக் கதிரைக்கு. பச்சை பிளாஸ்டிக் கதிரை, ஒரு கால் கொஞ்சம் வளைந்தது. இப்ப அதில ஆர் இருப்பினம்? ஒருத்தரும் இருக்க மாட்டினம், வீடு பூட்டிக் கிடக்கு, திறப்பு மாமியிட்ட. பூட்டின வீட்டுக்கை, யன்னல் சாத்தின இருட்டுக்கை, கதிரை சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அவளுக்குக் கண்ணை மூடினால் அந்தக் கதிரையின் வளைந்த கால் பாரத்தில் இன்னும் கொஞ்சம் அகலுவது தெரிகிறது. ஆரோ கால் மேல் கால் போட்டுச் சாய்ந்திருக்கிற பாரம். கண்ணைத் திறந்தால் இந்த அறைக் கதவு, கண்ணாடிக் கதவு, தன்பாட்டில் இரண்டாய்ப் பிரிகிறது. ஆள் இல்லை. குளிர் மட்டும் உள்ளே வந்து எல்லாற்றை முகத்தையும் ஒருக்காப் பார்த்துவிட்டு நிற்கிறது, கதவு மெல்லச் சாத்துப்படுகிறது. "அம்மா, கதவு ஆருக்குத் திறக்குது?" என்றாள் மிதுசா. "காத்துக்கு." "காத்து உள்ள வந்து எங்க இருந்தது?" கேமலதா சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது, பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாய்த்தான் கிடக்கிறது.

சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது என்று தயாபரன் ஒருநாள் சொன்னான், கோபத்தில் இல்லை, கவலையில். முதல் விசாரணையில் அந்த வெள்ளைக்காரப் பெடியன் நல்ல மரியாதையாய்த்தான் கேட்டான், உங்களுக்கு அங்கே என்ன பிரச்சினை என்று. அவள் வாய் திறக்கும் முன்னமே வாய் பதில் சொல்லிவிட்டது: பிரச்சினை ஒண்டும் இல்லை. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு அரசாங்க ஆள் பிரச்சினை என்ன என்று கேட்டால், பிரச்சினை ஒண்டும் இல்லை, சிரித்த முகத்தோடு, கண்ணைப் பார்த்து. இப்படித்தான் அவள் சின்னப் பிள்ளையில் இருந்து சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாய்ப் படித்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோச்சு, இது மறக்கவில்லை. பைக்குள்ளை என்ன? ஒண்டும் இல்லை ஐயா. எங்க போறாய்? சும்மா ஐயா. அப்படிச் சொன்னவைதான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவை. அதே வாய்தான் பிறகு, வீட்டுக்கு வந்த ஆளுக்கு என்ன செய்தீங்கள் என்று அந்தப் பெடியன் கேட்டபோது, தேத்தண்ணி குடுத்தன் என்றது. ஒவ்வொரு முறையுமா? ஓம், வந்தவருக்குக் குடுக்கத்தானே வேணும். பிறகு மறுப்புக் கடிதம் வந்தது, அதை எதிர்த்துத்தான் இன்றைய வழக்கு. அதில் இருந்ததை வக்கீல் பிள்ளை வாசித்துச் சொன்னாள்: வந்த புலனாய்வாளரை நீங்கள் விருந்தாளியாக உபசரித்திருக்கிறீர்கள், அவர் உங்களை அடிக்கவில்லை, உங்களில் ஒருவரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை, ஆகவே. அந்த ஆகவேக்குப் பிறகு இருந்ததெல்லாம் மறந்துவிட்டது, ஆகவே மட்டும் சூடைமீன் முள்ளு மாதிரித் தொண்டையில் நிற்கிறது. ஆகவே. தேத்தண்ணி குடுத்தாய், ஆகவே. குசினிக்குள் அவள் நின்ற நேரத்தை அவைக்கு எப்படிச் சொல்வது? கேத்தில் கொதிக்குமட்டும் அவளுக்கென்று ஒரு இடம் இருந்தது. அங்கே அவரின் கண் வராது. விறகைக் கொஞ்சமாய் வைப்பாள், நெருப்பு மெல்ல எரியட்டும் என்று. தண்ணி கொதிக்கிற சத்தத்துக்குள் மூச்சு விடலாம். அதுதான் அந்த உபசரிப்பு. ஒருநாள் அடுப்படியில் நிற்கையிலேயே பின்னால் குரல்: "விறகு ஈரமோ தங்கச்சி, நேரம் செல்லுது." குரல் முன்வாசலில் இருந்து வந்த மாதிரி இல்லை. தோளுக்குப் பின்னால் இருந்து வந்த மாதிரி. திரும்பிப் பார்த்தாள், ஒருத்தரும் இல்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோனால் ஆள் கதிரையில், இருந்த இருப்பில்.

எப்படித் தொடங்கினது என்று யோசித்தால் அதுவும் சின்ன விசயம்தான். தயாபரனின் தமையனைப் போர் முடிந்த நாட்களில் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவை, திரும்பக் காட்டவில்லை. மாமி அந்த மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, காணாமல் போனவர்களின் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டுக் குந்தியிருக்கிற ரோட்டோரக் கொட்டிலில் போய் இருப்பா. ஒருநாள் மாமிக்குக் கால் வீங்கிவிட்டது. "நீங்கள் படுங்கோ மாமி, இண்டைக்கு நான் போய் இருக்கிறன், படம் என்ன கனமே," என்று கேமலதா போனாள். படம் கனமில்லைத்தான். ஆரோ எதிர்ப்பக்க மரத்தடியில் நின்று அவளைப் படம் எடுத்தான், அவள் தலைமயிரை ஒதுக்கிவிட்டு நேராய்ப் பார்த்தாள், போட்டோ எண்டால் வடிவா விழ வேணும்தானே. அடுத்த கிழமை அவர் வந்தார். அவர்தான், பேர் சொல்லவில்லை, அண்ணா எண்டு கூப்பிடுங்கோ என்றார். எங்கட ஆக்களைவிட நல்ல தமிழ். சுகமோ தங்கச்சி, மாமியின்ரை கால் எப்படி? தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார், பிறகும் இடைக்கிடை வந்தார். அவ்வளவுதான். பிறகு முன்பள்ளியில், அவள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த இடத்தில், பொறுப்பாயிருந்த ரீச்சர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னா, "கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லுங்கோ பிள்ளை, பேந்து கூப்பிடுறன்." அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. தயாபரன் கடலுக்குப் போக அனுமதிப் பாஸ் எடுக்க வேணும். மற்றவைக்கு விடியமுன்னம் கிடைக்கும், இவனுக்கு வெயில் ஏறின பிறகு கிடைக்கும். இல்லையெண்டு சொல்லமாட்டினம், தருவினம். மீன் எல்லாம் வீட்டை போனாப் பிறகு தருவினம் என்று அவள் பகிடி விட்டாள். கடைக்குப் போனால் கடைக்காரர் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு அவளுக்குத்தான் முதல் சாமான் கட்டுவார், அவள் நின்றால் மற்றவை உள்ளே வரமாட்டினம் என்று. "பாருங்கோ, லைனே இல்லை, மகாராணி மாதிரி வந்திட்டன்," என்று அவனுக்குச் சொன்னாள், அவன் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு நகுலா அக்கா வேலியில் இருந்த பொட்டால், ஒரு ஆள் குனிந்து வரக்கூடிய அந்தச் சந்தால், கறிவேப்பிலைக்கும் கதைக்கும் வந்து போறவ. ஒரு காலை பார்த்தால் பொட்டு புது ஓலையால் கட்டி அடைத்திருக்கிறது, இறுக்கமாய், அழகாய். ஓலைக்கு அங்கால நகுலா அக்காவின் மூச்சுக் கேட்டது. "அக்கா?" என்றாள். மூச்சு நின்றுவிட்டது. அக்கா போகவில்லை, நிற்கிறா, மூச்சை மட்டும் நிப்பாட்டிக்கொண்டு நிற்கிறா. கனநேரம் இரண்டு பேரும் ஓலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இதெல்லாம் ஒரு பிரச்சினையே? அக்காவின்ரை வேலி, அக்கா அடைக்கிறா. பின்னேரங்களில் போன் அடிக்கும். "சாப்பிட்டாச்சோ தங்கச்சி? என்ன கறி?" இன்னும் சமைக்கேல்லை என்பாள். "சூடை எல்லோ, சட்டியில கிடக்கு," என்று குரல் சொல்லும், அன்பாய். சட்டியைப் பார்ப்பாள், சூடைதான். ஒருநாள் எல்லாருமாய்க் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், கொடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் எடுத்து மடித்துப் படியில் அடுக்கி இருக்கிறது. அவன்ரை சாரம், அவளின் சட்டை, பிள்ளையின் குட்டிச் சட்டைகள், பெரிது கீழே சின்னது மேலே. ஒன்றும் குறையவில்லை. களவு போனால் பொலிசுக்குப் போகலாம். மடித்து வைத்திருந்தால் எங்கே போவது, என்னெண்டு சொல்வது? மழை வரப்போகுதெண்டு ஆரோ எடுத்து வைச்சிருக்கினம் போல என்று அவள்தான் சொன்னாள். வானத்தில் ஒரு முகில் இல்லை. அந்த உடுப்புகளை அவள் திரும்பத் தோய்த்தாள், பிறகும் ஒருக்காத் தோய்த்தாள், சவுக்காரத்தின் மணத்துக்குக் கீழே இன்னொரு கையின் மணம் இருந்துகொண்டே இருந்தது.

"அக்கா, தண்ணி ஏதும் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு வக்கீல் பிள்ளை வந்து பக்கத்தில் குனிந்தாள். ஆரபி. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் அவளின் வாயில் புதுச்செருப்பு மாதிரிக் கொஞ்சம் கடிக்கும், ஆனாலும் விடாமல் போட்டு நடக்கிறாள். "இன்னும் கொஞ்ச நேரம். உள்ள போனா நான் சொன்னது ஞாபகம் இருக்குத்தானே? சின்னது, பெரிசு எண்டு நீங்க பிரிக்க வேணாம். எல்லாம் சொல்லுங்க." "சின்னத்தைச் சொல்லச் சிரிப்பு வருது பிள்ளை." "எனக்கு வரேல்லை," என்றாள் ஆரபி. முந்தியும் ஒருநாள் அவள் இதை விளங்கப்படுத்தினவள். "வேலை போச்சு, அது பாகுபாடு. பாஸ் பிந்துது, அதுவும் பாகுபாடு. ஒருத்தர் வீட்டை வந்து போறார், அது தொந்தரவு. தனித்தனியா எடுத்தா இவங்க ஒவ்வொண்டையும் பாத்து, இது துன்புறுத்தல் இல்லை, இது துன்புறுத்தல் இல்லை எண்டு ஒவ்வொரு கோடு போட்டு வெட்டிடுவாங்க. அப்படித்தான் வெட்டினது. ஆனா எல்லாம் சேர்ந்து ஒரு மனுசரை வாழவே ஏலாமப் பண்ணினா அது துன்புறுத்தல்தான். சேர்த்துப் பாருங்க எண்டு நான் கேக்கப் போறன். அதுக்கு நீங்க சேர்த்துச் சொல்ல வேணும்." கேமலதாவுக்கு அது அப்போதே விளங்கிவிட்டது, கடற்கரைக்காரிக்கு இது விளங்காமல் போகுமே. வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக்குண்டு ஒவ்வொன்றும் பிள்ளை விளையாடுகிற அளவுதான், மிதுசா அதை வாயில் போட்டுவிடுவாள் என்று பயந்து எத்தனை தரம் பறித்தது. கோர்த்துக் கட்டினால் பிறகு வலை கடலின் அடி பார்க்கும். விளங்கினது. விளங்கினபடியால்தான் பயம். ஏனென்றால் அவள் அந்த நாட்களில் உயிரோடு இருந்ததே கோர்க்காமல் விட்டபடியால்தான். இன்றைக்கு இது, இதுக்கொரு சிரிப்பு. நாளைக்கு அது, அதுக்கொரு பகிடி. ஒன்றை மற்றதுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, வைத்தால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கதிரை கதிரையாய் இருக்கட்டும், உடுப்பு உடுப்பாய், போன் போனாய், வேலி வேலியாய். இது கை, இது கால், இது கண் என்று எல்லாவற்றையும் ஒன்றாய் வைத்தால் ஒரு ஆள் எழும்பி நிற்பான். எழும்பினவனைத் திரும்ப இருத்த ஆரால் ஏலும்? நாவலடிக்குடாவில் அவன் துண்டுதுண்டாய்க் கிடக்கிறான், கிடக்கட்டும். இங்கே, இந்த வெளிச்சமான அறையில், அவள்தான் தன் வாயால் அவனைப் பொருத்தி எழுப்பி நடக்கவிட வேணுமாம். கண்ணாடிக் கதவு திரும்பவும் பிரிந்தது. ஆள் இல்லை. இந்த முறை அவள் கால்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள், நடக்கிறவருக்கு இடம் விடுகிற மாதிரி. ஏன் இழுத்தேன் என்று பிறகு யோசித்தாள்.

ஆரபிக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஆரபிக்கு மட்டும் இல்லை, ஒருத்தருக்கும். மறைக்க வேணும் என்று இல்லை. எந்தச் சொல்லில் தொடங்கினாலும் அது ஒரு நல்ல செய்கை மாதிரித்தான் வருகிறது. நினைக்கமாட்டேன் என்றுதான் இருந்தாள். அப்போது வாசலில் நிற்கிற காவலாளி, வயசான மனுசன், வெள்ளை மீசை, மிதுசாவின் காருக்கு முன்னால் குந்தி ஏதோ தன் பாசையில் கொஞ்சினார். சட்டைப்பையில் இருந்து ஒரு இனிப்பு ரொபி எடுத்து நீட்டினார். நல்ல மனுசன், பேரப்பிள்ளை இருக்கும், கண்ணெல்லாம் சிரிப்பு. மற்றக் கையால் பிள்ளையின் தலையைத் தடவப் போனார். கேமலதா எழும்பினது தெரியாது, கதிரை பின்னால் விழுந்த சத்தம்தான் கேட்டது. அவள் நடுவில் நிற்கிறாள், பிள்ளை அவளின் காலுக்குப் பின்னால், ரொபி அவளின் கையில். "தாங்க்யூ," என்றாள், சிரித்த முகத்தோடு, கண்ணைப் பார்த்து. மனுசன் குழம்பிப்போய் "சொறி, சொறி" என்று பின்வாங்கினார். தயாபரன் குனிந்து கதிரையை நிமிர்த்திவைத்தான். நினைக்கமாட்டேன் என்று இருந்தது நினைவில் வந்துவிட்டது, ஊரில் நடந்தது. அன்றைக்கு மத்தியான வெயில், பிள்ளைக்குத் தலைமுழுக வார்த்து, ஈரமயிரை விரித்துவிட்டு, முற்றத்தில் வேப்பமர நிழலில் பாயில் இருத்திவிட்டு, அவள் அரிசி கழுவக் கிணற்றடிக்குப் போனவள். தூரமில்லை, வீட்டின் பின்பக்கம்தான். பிள்ளை தனக்குத்தானே பாடுகிறது கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம் இல்லை, நாய் குரைக்கவில்லை, பாட்டு ஒரு கட்டத்தில் மெல்லிசாகி, பிறகும் பாட்டுத்தான். அரிசியோடு வந்தாள். பிள்ளை இருத்தின இடத்தில் இருக்கிறது. தலை பின்னியிருக்கிறது. இரண்டு பின்னல். வகிடு நெற்றியில் இருந்து பிடரி வரைக்கும் கோடு கீறினமாதிரி நேர், அவளுக்கே ஒருநாளும் அப்படி நேராய் வராது, இந்தப் பிள்ளை ஒரு இடத்தில் இருக்காது, தலையை ஆட்டும், அழும். ஆட்டாமல், அழாமல் இருந்திருக்கிறது. பின்னல் நுனியில் றிபன் இல்லை. தயாபரன் கிழிசல் பொத்துவதற்காக மரத்தில் தொங்கவிட்டிருந்த வலையின் நீல நூலால் கட்டியிருக்கிறது. "ஆரம்மா பின்னினது?" குரல் தன்னுடையது மாதிரி இல்லை. பிள்ளை வாயில் ரொபி. "மாமா. நோகேல்லை." நோகேல்லை. அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், அவிழவில்லை, கடல்காரர் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். தயாபரன் வந்து பார்த்தான், பிள்ளையின் தலையைப் பார்த்தான், வலையில் நூல் அறுத்த இடத்தைப் பார்த்தான். உள்ளே போய்க் கத்திரிக்கோலை எடுத்துவந்து அவளிடம் தந்தான். நூலை வெட்டத்தான் வாங்கினாள். வெட்டத் தொடங்கினால் கை நிற்கவில்லை, பின்னலோடு வெட்டி, வகிடு தெரியாமல் போகுமட்டும் வெட்டி, பிள்ளை வீரிட்டு அழுது, அன்றைக்கு அந்தப் பிள்ளையை அழவைத்தது அவள்தான், வந்துபோனவர் இல்லை. வந்துபோனவர் நோகாமல் பின்னினவர். அந்தக் கிழமையே வெளிக்கிட்டார்கள். இங்கே வந்தும் மயிரை வளரவிடவில்லை. ஏன் பொம்பிளைப் பிள்ளைக்கு இப்படி ஒட்ட வெட்டுறியள் என்று கேட்கிறவைக்குப் பேன் என்கிறாள். எங்கே அடித்தான் காட்டு என்றால் காட்ட ஒரு தழும்பு இல்லை. கழுத்தில் அவளுக்கு அந்த வகிடு போகிறது, தன் பிடரியில், ஒரு சீப்பின் நுனி மெல்ல, நேராய், அவசரமே இல்லாமல். இப்பவும் போகிறது.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளின் பேரை உடைத்து உடைத்து, ஆனாலும் அவளின் பேர்தான். தயாபரன் மிதுசாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "நீ நல்லாக் கதைப்பாய்," என்றான், அவ்வளவுதான் அவனுக்குக் கதைக்கத் தெரியும். "நான் கதைக்காமல் ஆர் கதைக்கிறது, நீங்களே?" என்று அவள் சொன்னாள், அவன் பாதியாய்ச் சிரித்தான். உள்ளே போனால் அவள் நினைத்த மாதிரி உயரமான மேசையோ கறுப்பு அங்கியோ இல்லை, ஒரு சாதாரண அறை, சந்தன நிறச் சுவர், நீதிபதி ஒரு நடுவயசு மனுசி, தடிமன் போல, மூக்கைத் துடைத்துக்கொண்டு நல்வரவு சொன்னா. எதிர்மேசையில் அரசாங்கத்தின் ஆள். இருக்கச் சொன்ன கதிரையில் இருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஐயா, நரைத்த தலை, கழுத்துப்பட்டி, தொண்டைக்கு ஏதோ இனிப்பை ஒதுக்கிவைத்திருக்கிற கன்னம். நீதிபதி கேட்டதை ஐயா தமிழில் சொன்னார்: உங்களுக்கு உங்கள் நாட்டில் என்ன பிரச்சினை? வாய் திறக்கும் முன்னம் வாய் சொல்லப் பார்த்தது. ஒண்டும். நாக்கை அவள் பல்லுக்குள் பிடித்தாள், பிடித்த இடம் நொந்தது, அந்த நோவு நல்லாய் இருந்தது. ஆரபி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிடரியில் சீப்பு போகிறது. சரி, என்று கேமலதா மனதுக்குள் சொன்னாள், கையும் காலும் கண்ணும் எல்லாம் என்னட்டைத்தானே கிடக்கு, எழும்பட்டும், நானே எழுப்பி இவைக்கு முன்னால நிப்பாட்டுறன், நிண்டால்தானே பாப்பினம். அவள் மூச்சை இழுத்தாள். "மாமிக்குக் கால் வீங்கினதால படத்தை நான் கொண்டு போனனான்," என்று தொடங்கினாள். ஐயா கையை உயர்த்தினார், போதும் என்கிற மாதிரி, இங்கிலீசில் சொன்னார், அந்தப் பக்கத்து ஆள் அதை எழுதி முடித்துத் தலையைத் தூக்கினான், அவ்வளவுதானா என்கிற முகம். "இப்படித்தான் அம்மா," என்றார் ஐயா மெல்லிய குரலில், உதவி செய்கிற ஆளின் குரலில். "ஒரு வசனம் சொல்லுங்கோ, நிப்பாட்டுங்கோ, நான் சொல்லுவன், பேந்து அடுத்தது. துண்டு துண்டாச் சொன்னால் எல்லாருக்கும் சுகம்." கேமலதா அவரைப் பார்த்தாள். தாள் ஒன்றில் அவளின் ஒரு வசனம் தனியாய்க் கிடக்கிறது, மாமியின் வீங்கின கால், பாவம், அதில் என்ன இருக்கு. அதற்குக் கீழே அடுத்தது கிடக்கும், அதற்கும் கீழே இன்னொன்று, ஒவ்வொன்றும் நோகாமல். அவள் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்து, ஐயாவின் சட்டைக் கையை விரல்நுனியால் தொட்டாள்.

"ஐயா, குறை நினையாதேங்கோ," என்றாள். "துண்டு துண்டா வேண்டாம். பிள்ளையின்ரை தலைமயிர் வரைக்கும் நான் ஒரே மூச்சில சொல்லி முடிக்க வேணும். அதுமட்டும் என்னை நிப்பாட்டாதேங்கோ."